உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு பஸ் வருமா என்பதும் சென்சஸ் கணக்குதான்!

தலைகளை எண்ணுவதோடு சென்சஸ் வேலை முடிந்துவிடுவதில்லை. 2011 சென்சஸின் மாவட்டக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் தனி வரி உண்டு. ஊருக்கு பஸ் வருகிறதா, ரயில் நிலையம் இருக்கிறதா என்று அதில் பார்த்துவிடலாம். இல்லையென்றால், 5 கி.மீ.க்குள் கிடைக்குமா, 10 கி.மீ.க்குள்ளா, அதற்கும் அப்பாலா என்ற குறிப்பு இருக்கும்.

உதாரணத்துக்குத் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்ப்போம். அந்த 2011 கணக்குப்படி அதன் மக்கள்தொகை 21,59,775. ஆயிரம் ஆண்களுக்கு 998 பெண்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் கிராமவாசிகள். திண்டுக்கல் நகரில் மட்டும் 2,07,327 பேர்.

இந்த மாவட்டத்தின் வழியாக 1875-இல் திருச்சி–மதுரை ரயில் பாதை வந்தது. இன்று அய்யலூர், வடமதுரை, அம்பாத்துரை போன்ற சிற்றூர்களுக்கும் அதில் நிலையம் உண்டு. அதே பாதையில் இருக்கும் ‘கொடைக்கானல் ரோடு’ நிலையத்தில் இறங்கி மலையைத் தேட வேண்டாம். நிலையம் இருப்பது சமவெளியில், அம்மையநாயக்கனூரில். கொடைக்கானலுக்கு இன்னும் சுமார் 80 கி.மீ. போக வேண்டும்!

தண்டவாளம் எட்டாத ஊர்களுக்கு பஸ்தான் துணை. பெரிய பஸ் போகாத கிராமத்துச் சாலைகளுக்காகத் தமிழக அரசு மினிபஸ் திட்டத்தைத் தொடங்கியது 1997-இல். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது.