பெரியாற்று நீரில் விளையும் திராட்சை: சட்டத்தில் இடம் தேடும் குடும்ப ஒயின்

புது தில்லி: கிறிஸ்துமஸ் நெருங்கினால் கொச்சி மட்டாஞ்சேரியை அடுத்த தோப்பும்படியில் பல வீட்டுச் சமையலறைகளில் பீங்கான் ஜாடி ஒன்று இடம்பிடிக்கும். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, கோதுமை, ஈஸ்ட், கிராம்பு, பட்டை ஆகியவற்றை இட்டு வாயைத் துணியால் கட்டி வைப்பர். மூன்று வாரங்களுக்குப் பின் வடிகட்டினால் வீட்டு ஒயின் தயார். லத்தீன் கத்தோலிக்க, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் தலைமுறைகளாகத் தொடரும் கைப்பக்குவம் இது.

ஆனால், சட்டத்தின் பார்வை வேறு. உரிமமின்றி வீட்டில் ஒயின் தயாரிப்பது அப்காரிச் சட்டப்படி தண்டனைக்குரியது என 2019 டிசம்பரில் கேரள கலால் துறை எச்சரித்தது. வீட்டு ஜாடிக்கும் சாராய ஊறலுக்கும் சட்டம் பெரிதாக வேறுபாடு காண்பதில்லை.

மலைக்கு அப்பால்...

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் கொச்சியின் ஈரக் காற்றில் திராட்சைக் கொடி தழைப்பதில்லை. பூஞ்சை நோய் அதை அழித்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கிலோ அது செழிக்கிறது. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர்காலக் கடுமை இல்லாததால், கவாத்துக் காலத்தை மாற்றி ஆண்டு முழுவதும் அறுவடை செய்ய முடிகிறது.

இப்பள்ளத்தாக்கை வளப்படுத்துவது, 1886 ஒப்பந்தத்தின்படி கட்டப்பட்டு 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர். கேரளத்திலிருந்து நீராக வருவது, திராட்சையாகி மலையேறிக் கேரளச் சந்தைகளுக்குத் திரும்புகிறது.

நந்தி மலைக் குடும்பம்

எனினும், உண்ணும் திராட்சையும் ஒயின் திராட்சையும் ஒன்றல்ல. பின்னதற்குச் சிறிய பழம், தடித்த தோல், மிகுந்த இனிப்பு, குறையாத புளிப்பு ஆகியவை தேவை. புளிப்பு தங்க இரவு குளிர வேண்டும். பெங்களூருக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டபள்ளாபுரத்தை 1988-ல் கன்வல் குரோவர் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். பிரெஞ்சு ரகக் கொடிகளைச் சோதித்து நட்டு, 1992-ல் முதல் ஒயினை வெளியிட்டார். மகன் கபில் குரோவர் அதைத் தொடர்ந்தார். 2012-ல் அந்நிறுவனம் நாசிக் நிறுவனம் ஒன்றுடன் இணைந்தது.

மண்ணும் முயற்சியும் மட்டுமின்றி, அரசின் கொள்கையும் இத்தொழிலுக்குக் கைகொடுத்தது. 2001-ல் மகாராஷ்டிரமும், 2007-ல் கர்நாடகமும் ஒயினை மற்ற மதுவகைகளிலிருந்து பிரித்துத் தனிக் கொள்கை வகுத்தன. 2022-ல் கேரளமும் பழ ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு விதிகளை வெளியிட்டது. ஆனால், அவை கேரள விளைபொருள்களைக் கருதி வகுக்கப்பட்டவை. தமிழகத்திலோ 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசமே உள்ளது. விவசாயி ஒயின் தயாரிக்க முன்வந்தாலும், நாசிக்கில் நடப்பதுபோலத் தோட்ட வாசலில் விற்பது இங்கு எளிதல்ல.

அதிகாரம் யாரிடம்?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மது மாநிலப் பட்டியலில் உள்ளது. மது மீதான வரி ஜிஎஸ்டி வரம்புக்கும் வெளியே நிற்கிறது. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று 47-வது பிரிவு நெறிப்படுத்துகிறது. மதுவால் சீரழிந்த குடும்பங்களை அறிந்தோர், ஒயினுக்குச் சலுகை என்றதும் அஞ்சுவதில் நியாயம் உண்டு.

ஆனால், சுங்க வரி மத்திய அரசின் கையில் உள்ளது. 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தால், 5 டாலருக்கு மேற்பட்ட ஒயின் புட்டிகளுக்கு 150 சதவீத வரி 100 ஆகக் குறைந்தது. பத்தாண்டுகளில் அது 50 ஆகும். வெளிநாட்டுத் திராட்சை விவசாயிக்குத் தில்லி கதவைத் திறக்கிறது. கம்பத்து விவசாயிக்குக் கதவைத் திறக்கும் அதிகாரமோ சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கிறது.

முல்லைப் பெரியாற்று நீருக்காக இரு மாநில உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் பலமுறை மோதியுள்ளனர். அந்நீரில் விளைந்த கனிக்காகவும் அவர்கள் ஒருமுறை சேர்ந்து பேசலாம். மதுவிலக்கா, முறைப்படுத்தலா என்பதை அரசுகள் முடிவு செய்யட்டும். வெளிநாட்டுப் புட்டிக்கு வரிச் சலுகை, உள்ளூர் வீட்டு ஜாடிக்குச் சிறை என்ற நிலை மட்டும் நீடிப்பது நியாயமல்ல.