வேலை முடிந்தது, கூலி முடிந்ததா?

ரஞ்சன்குடிக் கோட்டை, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணுக்குத் தப்பாதது. அதனைச் சூழ்ந்த நிலங்களில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. எனினும், விளைச்சல் ஒன்றையே நம்பி இன்று குடும்பங்கள் நடப்பதில்லை. பிள்ளைகள் திருச்சிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் சம்பளத்துக்குப் போகின்றனர். அவர்கள் அனுப்பும் தொகையைக் கொண்டே சங்கக் கடனின் தவணையும் கட்டப்படுகிறது.

அண்மையில் இந்தப் பக்கத்துச் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். தவணைக்கு அவகாசம் கேட்டுவந்த முதிய அங்கத்தினர் ஒருவர் கூறினார்: “ஐயா, என் மகன் வேலையை விட்டு வந்து இரண்டு மாதம் ஆயிற்று. கடைசி இருபத்திரண்டு நாள் சம்பளம் வரவில்லை. ‘நீயாகத்தானே போனாய், உனக்கு ஒன்றும் கிடையாது’ என்கிறார்களாம். இது நியாயந்தானா?”

நியாயம் அன்று, சட்டமும் அன்று. இதனை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

பழைய சட்டமும் புதிய சட்டமும்

தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ராயல் கமிஷன் 1931-ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. அதன் பின்னர் 1936-இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் பிறந்தது. முதலாளி ஒருவரை வேலையினின்று நீக்கினால், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் அவருடைய சம்பளத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் தாமாக ராஜிநாமாச் செய்தவரை அவ்விதி குறிப்பிடவில்லை. மேலும், குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட சம்பளக்காரருக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. தொடக்கத்தில் மாதம் 200 ரூபாயாக இருந்த அவ்வரம்பு 2017-இல் 24,000 ரூபாய் ஆயிற்று.

இந்தக் குறைகளை 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நீக்கியது. அது 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நீக்கப்பட்டவராயினும், ஆட்குறைப்பில் வெளியேறியவராயினும், ராஜிநாமாச் செய்தவராயினும், நிறுவனம் மூடப்பட்டதால் வேலை இழந்தவராயினும், இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளம் தரப்பட வேண்டும் என்பது அதன் விதி. முன்போன்ற சம்பள வரம்பும் இல்லை.

முன்னறிவிப்புத் தராமல் விலகியவரிடம், ஒப்பந்தப்படி அந்நாட்களுக்கு உரிய கணக்கை முதலாளி கேட்கலாம். அதைக் காரணமாகக் காட்டி, உழைத்த நாட்களின் கூலி முழுவதையும் மறுத்தல் ஆகாது.

முறையிடும் வழி

முதலில், வேலை செய்த நாட்களையும் வரவேண்டிய தொகையையும் குறித்து எழுத்து மூலம் கேட்க வேண்டும். பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், வருகைக் குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. பதில் வராவிடில், மாவட்டத் தலைநகரில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகலாம். அரசு நியமித்த அதிகாரியிடம் மனுச் செய்வதற்குப் பழைய சட்டம் 12 மாத அவகாசமே தந்தது. புதிய சட்டம் 3 ஆண்டு தருகிறது. சம்பளம் கொடுத்தாயிற்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது. பாக்கியுடன், அதன் பத்து மடங்கு வரை நஷ்டஈடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பள வீதம் பணிக்கொடை கோரலாம் என்பதையும் மறத்தல் கூடாது.

அவகாசம் உண்டென்று காலம் தாழ்த்துதல் நன்றன்று. தமிழ்நாடு, கேரளம், அசாம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களில் கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளருக்காக 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பாக்கியைத் தீர்க்க 2010-இல் கட்டளை பிறந்தும் பணம் வந்து சேரவில்லை. பாக்கியைக் கணக்கிட முன்னாள் நீதிபதி அபய் மனோகர் சப்ரே தலைமையில் 2020-இல் குழு அமைக்க வேண்டியதாயிற்று. சிறு பாக்கியாக இருக்கும்போதே கேட்பது எளிது.

நாமும் முதலாளிகளே

இதுகாறும் பிறரைப் பற்றிச் சொன்னோம். இனி நம்மைப் பார்ப்போம். வேறோர் ஊர்ச் சங்கத்தின் ஏடுகளைப் புரட்டியபோது, விலகிப்போன விற்பனையாளர் ஒருவரின் கடைசி மாதச் சம்பளம் பல மாதங்களாக நிலுவையில் நிற்பதைக் கண்டேன். “சரக்கு இருப்புச் சரிபார்க்கவில்லை” என்றார் காரியதரிசி. சரிபார்க்க வேண்டியவர் யார்? சங்கந்தானே! ஒப்படைத்த சரக்கில் ஊழியரின் கவனக்குறைவால் நஷ்டம் நேர்ந்திருந்தால் பிடித்தம் செய்யலாம். ஆனால் அவர் தரப்பைக் கேட்ட பின்னரே செய்யலாம். சங்கக் கடனுக்காகச் சம்பளத்தில் முக்கால் பங்கு வரை பிடிக்கப் பழைய சட்டம் இசைந்தது. புதிய சட்டத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதியைத் தாண்டுதல் கூடாது.

நெசவாளர் சங்கத்திலோ அங்கத்தினரே உரிமையாளர், அவரே உழைப்பாளி. கூலியில் ரூபாய்க்கு 8 காசு வீதம் சேமிப்பு நிதியில் செலுத்தியவர் முதுமையால் தறியை விட்டு இறங்கும்போது, அத்தொகைக்காகப் பலமுறை அலைய விடுதல் கூட்டுறவுக்கு அழகன்று.

முதியவருக்கு அன்றே மனு ஒன்று எழுதிக் கொடுத்தேன். தவணைக்கு ஒரு மாத அவகாசம் தரக் கமிட்டியும் இசைந்தது. விலகிய ஊழியர் எவருக்கேனும் நம் சங்கம் பாக்கி வைத்திருக்கிறதா என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே ஒவ்வொரு சங்கமும் ஏட்டைத் திறந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.