சாளரத்தைச் சுற்றி எழுந்த இல்லம்

தொழில் என்றதும் எழுதுவினைஞர், ஆசிரியர், வைத்தியர் என்று பழகிய பாதைகளையே நாம் எண்ணுகின்றோம். புதுப்பாதை ஒன்றை வகுத்த பெண்மணியை இன்று நினைவுகூர்வோம்.

இலண்டனில் தாதியாயிருந்த சிசிலி சாண்டர்ஸ், முதுகுநோயால் அப்பணியைத் துறந்து மருத்துவமனைச் சமூக சேவகியானார். புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த போலந்து அகதி டேவிட் தாஸ்மாவை அப்பணியிலே சந்தித்தார். இத்தகையோருக்கென ஓர் இல்லம் வேண்டுமென்று இருவரும் உரையாடினர். 1948ஆம் ஆண்டு இறந்த தாஸ்மா, அவ்வில்லத்தில் தாம் ஒரு சாளரமாயிருக்க விரும்பி 500 பவுணை விட்டுச் சென்றார்.

தாதியின் சொல்லை வைத்தியர்கள் செவிமடுக்கமாட்டார்கள் என உணர்ந்த சிசிலி, தாமே மருத்துவம் கற்று 1957இல் வைத்தியரானார். வலி மூண்டபின் மருந்து என்ற வழக்கத்தை மாற்றி, வலி தலைதூக்குமுன்னரே நேரந்தவறாது மோர்பின் கொடுத்தார். நோயாளர் மயங்கிக் கிடக்கவில்லை. தெளிந்த மனத்துடன் உற்றாரோடு உரையாடினர். 1967இல் தென் இலண்டனில் செயின்ற் கிறிஸ்தோபர் இல்லம் திறக்கப்பட்டது. 2005இல் அவரும் அங்கேயே, புற்றுநோயால் கண்மூடினார்.

குணமாக்க இயலாதவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பார் உளர். செய்வதற்கு நிரம்ப உண்டு. தொழில் தேடும் மாணவர் இதனை மனங்கொள்வாராக.