இரண்டு இரவுகள் கழிவதற்கு முன்



மகளின் நிக்காஹுக்கு ஓராண்டு முன்னதாகவே மண்டபம் பேசி வைக்கிறோம். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்காக, அவன் தொட்டிலில் கிடக்கும்போதே சீட்டுக் கட்டத் தொடங்குகிறோம். ஹஜ்ஜுக்குச் செல்ல நிய்யத் வைத்துவிட்டால், சிறுகச் சிறுகப் பல ஆண்டுகள் சேர்க்கிறோம். இவையெல்லாம் நடந்தேறலாம், நடவாமலும் போகலாம். ஐயத்திற்கு இடமின்றி நடந்தே தீரும் ஒன்றோ நம் வீட்டுப் பேச்சில் நுழைவதே இல்லை. முதியவர் ஒருவர், "என் மௌத்துக்குப் பிறகு..." என்று வாயெடுத்தால் போதும். "அத்தா, நாவில் நல்ல சொல் வரட்டும்" என்று பிள்ளைகள் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பாசத்தினால் வரும் தடை அது. எனினும், அந்த மௌனத்தின் சுமை இறுதியில் யார் தலையில் இறங்குகிறது என்பதைச் சற்றே சிந்திப்போம். மௌத்தானவர் எதையும் சுமப்பதில்லை. கண்ணீரோடு நிற்கும் மனைவி மக்கள்தாம், ஒரு சில மணி நேரத்திற்குள், ஆயத்தமே இல்லாமல், அத்தனை கேள்விகளுக்கும் விடை தேட வேண்டியிருக்கிறது. எங்கே அடக்குவது? யார் குளிப்பாட்டுவது? எந்த ஜமாஅத்தில் சொல்வது? கடன் எவ்வளவு? அவர் கொடுத்து வைத்த அமானிதம் யாரிடம் இருக்கிறது?

எந்த மண்ணில்?

எந்த ஆன்மாவும் தான் எந்த பூமியில் இறக்கும் என்பதை அறியாது என்னும் பேருண்மையைத் திருமறையின் 31-ஆவது அத்தியாயம் 34-ஆவது வசனம் உணர்த்துகின்றது. சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருப்போருக்கு இவ்வசனத்தின் பொருள் அன்றாட வாழ்வோடு ஒட்டியதாகும்.

பூந்தமல்லி தொன்மையான ஊர். கோல்கொண்டா ஆட்சியின் காலமாகிய 17-ஆம் நூற்றாண்டிலேயே அங்குப் பள்ளிவாசல் எழுந்துவிட்டது. அம்பத்தூரும் ஆவடியும் வேறு வகையில் வளர்ந்தவை. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றியபின், வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். ஆற்காட்டிலிருந்து வந்தவர் உண்டு. நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர் உண்டு. முப்பது ஆண்டுகளாக இங்கு உழைத்து, வீடும் கட்டி, வாக்காளர் பட்டியலிலும் பெயர் பெற்றிருப்பார் ஒருவர். ஆனால் அவருடைய பெயர் ஜமாஅத் பதிவேட்டில் இருப்பதோ சொந்த ஊரில்தான். ஜும்ஆவுக்கு அருகிலுள்ள பள்ளிக்குச் செல்வார். அங்கே அவர் சந்தாதாரர் அல்லர். வாடகை வீடு மாறும்தோறும் பள்ளியும் மாறியிருக்கும்.

அத்தகையவர் ஒரு நள்ளிரவில் மௌத்தாகும்போதுதான் குழப்பம் எழுகிறது. "ஊருக்குக் கொண்டு வாருங்கள், வாப்பா உம்மாவின் கபுருக்கு அருகில் இடம் இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்கிறார் அண்ணன். "பிள்ளைகள் ஜியாரத்துக்கு வர வேண்டாமா? இங்கேயே அடக்குவோம்" என்கிறார் மகன். நெல்லைக்கு இங்கிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஐஸ் பெட்டியும் அமரர் ஊர்தியும் பேசியாக வேண்டும். இத்தனை விவாதத்திலும், மௌத்தானவரின் மனைவியை ஒருவரும் கேட்பதில்லை. மௌத்தானவரின் விருப்பமோ ஒருவருக்கும் தெரிந்திருப்பதில்லை.

ஜனாஸாவை விரைந்து கொண்டு செல்லுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உஹதுப் போரில் உயிர் நீத்தோரை மதீனாவுக்குக் கொண்டு சென்றபோது, அவர்கள் வீழ்ந்த இடத்திலேயே அடக்குமாறு கட்டளையிட்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடைய சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) மக்காவுக்கு வெளியே காலமாகி, மக்காவுக்குக் கொண்டு வரப்பட்டு அடக்கப்பட்டார். பின்னர் அந்தக் கபுரின் அருகே வந்த அன்னையார், தாம் உடனிருந்திருந்தால் இறந்த இடத்திலேயே அடக்கியிருக்கச் செய்திருப்பேன் என்று கூறியதாகத் திர்மிதீயில் காண்கிறோம். இவற்றை அறிந்து, தம் விருப்பத்தையும் குடும்பத்தாரிடம் ஒருவர் முன்னரே சொல்லி வைத்திருப்பாராயின், அந்த நள்ளிரவு வழக்குக்கு இடமேது?

2020 கற்பித்த பாடம்

நல்லடக்கம் என்பது தானாக நடந்துவிடும் என்று எண்ணியிருந்தோரை 2020-ஆம் ஆண்டு விழிக்கச் செய்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதம், கொரோனா நோயால் சென்னையில் மறைந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் தகனம் செய்ய விடாமல் மக்கள் தடுத்தனர். சில நாள்களில், நரம்பியல் மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் அதே நோயால் மறைந்தார். கிறிஸ்தவரான அவருடைய உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்க இயலவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டு சென்றபோது, உடன் சென்றோர் தாக்கப்பட்டனர். இரவோடு இரவாக, சக மருத்துவர் ஒருவர் தம் கையாலேயே மண்ணைத் தள்ளி அந்த அடக்கத்தை முடித்தார். பிணியுற்றோரைக் காத்தவர்களுக்கே இந்நிலை நேர்ந்தது. அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, இத்தகைய அடக்கத்தையும் தகனத்தையும் தடுப்போருக்குச் சிறைத் தண்டனை விதித்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தாம் பிழைக்காவிடில் எவ்வாறு அடக்க வேண்டும் என்பதை அம்மருத்துவர் நோய்ப் படுக்கையிலிருந்தே தம் துணைவியாரிடம் கூறியிருந்தார். அந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டே அவ்வம்மையார் அரசிடம் முறையிட்டார். உயர் நீதிமன்றம் வரையிலும் சென்றார். சொல்லி வைத்த ஒரு சொல், துயரத்தில் தனித்து நின்ற ஒரு பெண்மணிக்கு ஊன்றுகோலாயிற்று.

முன்னோர் அஞ்சவில்லை

மரணத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்னும் எண்ணம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று. இன்பங்களை அழிக்கும் மரணத்தை அதிகமாக நினைவு கூருமாறே அண்ணலார் (ஸல்) அறிவுறுத்தினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி புகாரீயில் பதிவாகியுள்ளது. பெண்மணி ஒருவர் தம் கையால் நெய்த போர்வையொன்றை நபியவர்களுக்கு அன்பளித்தார். தேவையோடிருந்த நபியவர்கள் அதை அணிந்து வந்தபோது, தோழர் ஒருவர் அதனைத் தமக்குத் தருமாறு கேட்டுப் பெற்றுக்கொண்டார். கேட்டது முறையன்று என்று மற்றவர்கள் கடிந்தபோது, தமக்குக் கபனாக ஆக வேண்டும் என்பதற்காகவே கேட்டதாக அவர் விடையளித்தார். அவ்வாறே அது அவருக்குக் கபனாயிற்று. உயிரோடிருக்கும்போதே கபனைத் தேடி வைத்த அந்தச் செயலை நபியவர்கள் தடுக்கவில்லை.

முதல் கலீபா அபூபக்ர் (ரலி) அவர்கள், தாம் அணிந்திருந்த பழைய ஆடையைத் துவைத்து, அதனுடன் இரண்டு துணிகளைச் சேர்த்துக் கபனிடுமாறு மகள் ஆயிஷாவிடம் கூறினார்கள். புதிய துணிக்கு இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே அதிக உரிமையுடையவர் என்பது அவர்கள் சொன்ன காரணம். இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 23-இல் குத்துண்டு கிடந்தபோது, மகன் அப்துல்லாஹ்வை அழைத்து முதலில் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். அது ஏறத்தாழ 86,000 எனத் தெரிந்ததும், முதலில் தம் குடும்பச் சொத்திலிருந்தும், போதாவிடில் யார் யாரிடம் கேட்டும் தீர்க்க வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொன்னார்கள். பிறகு, நபியவர்களின் அருகில் தம்மை அடக்க அன்னை ஆயிஷாவிடம் அனுமதி கேட்டு வருமாறு அனுப்பினார்கள். அனுமதி கிடைத்த பின்னரும், ஜனாஸாவை எடுத்துச் செல்லும்போது மீண்டும் ஒருமுறை கேளுங்கள். மறுத்துவிட்டால் பொது மையவாடியில் அடக்குங்கள் என்று பணித்தார்கள். கடன், அடக்குமிடம், அது கிட்டாவிடில் மாற்றிடம் என்று எதையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை.

எழுத வேண்டியது என்ன?

வசிய்யத் செய்வதற்குரிய பொருளை உடைய ஒரு முஸ்லிம், அதனை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்னும் கருத்தில் நபிமொழி உள்ளது. அதனை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்கள், அதைக் கேட்ட நாள் முதல் தம் வசிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவையும் கழித்ததில்லை. நம்மில் எத்தனை பேர் இரண்டு இரவுகளுக்குப் பதில் இருபது ஆண்டுகளைக் கழித்திருக்கிறோம்!

இதற்குப் பெரும் சொத்து வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில் கடனை எழுதுங்கள். வங்கியில் வாங்கியது, நண்பரிடம் கைமாற்றாக வாங்கியது, கடையில் நிற்கும் பாக்கி ஆகியவற்றோடு, மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே என்பதை மறத்தலாகாது. கடன்பட்டு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபியவர்கள் முன்வராமல் நின்றதும், அபூகதாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுகை நடத்தியதும் நாம் அறிந்தவையே. அடுத்து, பிறர் நம்மிடம் கொடுத்து வைத்த அமானிதங்களையும், நமக்கு வர வேண்டியவற்றையும் குறியுங்கள். விடுபட்ட நோன்பு, நிறைவேறாத நேர்ச்சை, கொடுபடாத ஜகாத் இருப்பின் அவற்றையும் எழுதுங்கள்.

மௌத்தானவரின் பொருளிலிருந்து முதலில் அடக்கச் செலவு, பின்னர் கடன், பின்னர் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வசிய்யத், அதன் பின்னரே வாரிசுப் பங்கு என்பது மார்க்கச் சட்டத்தின் வரிசை. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) தம் பொருளில் பெரும் பகுதியைத் தர்மம் செய்ய விழைந்தபோது, மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வதே மேல் என்றும் நபியவர்கள் விளக்கினார்கள். வாரிசுகளின் பங்கை இறைவனே வகுத்துவிட்டான். ஆகவே ஒரு மகனுக்கு மட்டும் கூடுதலாகக் கிடைக்கவோ, பெண் மக்களை விலக்கவோ வசிய்யத்தைக் கருவியாக்குதல் கூடாது. ஐயமிருப்பின், உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேட்டு எழுதுங்கள்.

மறு பக்கத்தில், அடக்கம் பற்றிய விருப்பம். எந்த மையவாடி? எந்த ஜமாஅத்தாரிடம் சொல்ல வேண்டும்? குளிப்பாட்ட யாரை அழைப்பது? பெண்களைக் குளிப்பாட்டத் தெரிந்த பெண்கள் பல மஹல்லாக்களில் அருகி வருகிறார்கள். வீட்டுப் பெண்கள் இருவராவது அம்முறையைக் கற்றிருப்பது நன்று. மனைவி தன் கணவரைக் குளிப்பாட்டலாம் என்பதும் பலர் அறியாத செய்தி. ஆடம்பரம் வேண்டாம், கடன் வாங்கிச் சோறு போட வேண்டாம் என்று நீங்கள் விரும்பினால், அதை உங்கள் கையாலேயே எழுதுங்கள், "ஊர் என்ன சொல்லும்?" என்னும் கேள்விக்கு உங்கள் பிள்ளைகள் காட்டக்கூடிய ஒரே விடை அந்த எழுத்துத்தான். ஜஅஃபர் (ரலி) அவர்களின் மறைவுச் செய்தி வந்தபோது, அக்குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள் என்றே நபியவர்கள் மற்றவர்களைப் பணித்தார்கள். துயரத்தில் இருப்போர் ஊருக்குச் சமைத்துப் போட வேண்டும் என்று அவர்கள் கூறவில்லை.

மூன்றாவது பக்கம், இருப்போருக்கானது. மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் காலத்தில் வாடகையும் வீட்டுச் செலவும் எங்கிருந்து வரும்? வருங்கால வைப்பு நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் யாருடைய பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள்? வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது? மரணத்தை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வேண்டிய ஆவணங்கள் எந்தப் பெட்டியில் உள்ளன என்பதை வீட்டார் இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

ஜமாஅத்தாரின் பங்கு

பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகக் குடிவந்த குடும்பங்களைத் தேடிச் சென்று பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தா பாக்கியைச் சந்தூக்கு வந்து நிற்கும் நேரத்தில் பேசாதீர்கள். அடக்கத்திற்கு என்னென்ன ஆவணம் வேண்டும், யாரைத் தொடர்பு கொள்ள வேண்டும், செலவு எவ்வளவு என்பதைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஓர் ஏழை இறந்ததைத் தமக்கு அறிவிக்காமல் அடக்கிவிட்டார்கள் என்று கேட்டு, அந்தக் கபுரைத் தேடிச் சென்று தொழுத நபியின் உம்மத்தினர் நாம். ஊர் பேர் தெரியாத வாடகை வீட்டுக்காரரின் ஜனாஸாவும் நம்முடைய ஜனாஸாவே.

அன்பர்களே! மஃரிபுக்குப் பின் வீட்டாரை அருகில் அமர்த்திப் பேசுங்கள். பெற்றோர் பேச முன்வந்தால் தடுக்காமல் கேளுங்கள், அவர்கள் தயங்கினால், "உங்கள் விருப்பம் என்ன?" என்று பணிவோடு நீங்களே கேளுங்கள். சற்றே கண் கலங்கலாம், கலங்கட்டும். பேசி முடித்தபின் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் வரியை எழுதுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கடன்களை உயிருள்ளபோதே தீர்க்கவும், ஈமானோடு விடைபெறவும், நமக்குப் பின் இருப்போர் மனக்கசப்பின்றி வாழவும் அருள்பாலிப்பானாக! ஆமீன்.