பொய் சொல்லும் தெர்மோஸ்டாட்

பிராம்ப்டனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பழைய ஃபர்னஸ் உயிரை விட்டதால் குளிர் தொடங்குமுன் புதிது போட்டிருக்கிறார்கள். "முன்பெல்லாம் திடுமென்று இரைந்து எரியும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இது சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேஸ் வீணாகிறது என்று இவர் அடிக்கடி போய் அணைத்துவிடுகிறார். மெஷினில் கோளாறா?"

கோளாறு இல்லை அம்மா. ஓடட்டும். அவரைத்தான் கொஞ்சம் உட்காரச் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் மைனஸ் இருபதைத் தொடும் சில இரவுகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இங்கே ஃபர்னஸ் வாங்குகிறோம். நவம்பரிலும் மார்ச்சிலும் அந்த பலத்தில் பாதிகூடத் தேவைப்படாது. பழைய மெஷினுக்கோ முழுசாக எரியத் தெரியும், அணையத் தெரியும். நடுவில் ஒன்றும் தெரியாது. உங்களுடைய புது மெஷின் இரண்டு நிலை உள்ளது. முதல் நிலையில் முழு பலத்தில் ஏறக்குறைய 65 அல்லது 70 சதவீதம் மட்டும் எரியும். ஃபேனும் மெதுவாகச் சுற்றும். அதனால்தான் சத்தம் குறைவு, ஓட்டம் அதிகம். கேஸ் மீட்டர் நேரத்தை அளப்பதில்லை, எரிந்த கேஸைத்தான் அளக்கிறது. அணைத்து அணைத்துப் போடுவதால் மிச்சமாவது எதுவுமில்லை. அறைகள்தான் சில்லிட்டுப் போகும்.

எந்த நிலையில் எரிவது என்பதைத் தீர்மானிப்பது ஹால் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட். அதன் முகப்பைக் கழற்றினால் சில மெல்லிய வயர்கள் தெரியும். 24 வோல்ட்தான் ஓடுகிறது. சிவப்பு வயர் 'ஆர்' என்ற முனைக்கு மின்சாரம் கொண்டுவருகிறது. அதை 'டபிள்யூ1' முனையோடு சேர்த்தால் முதல் நிலை பற்றிக்கொள்ளும். 'டபிள்யூ2'வோடும் சேர்த்தால் ஃபர்னஸ் முழு பலத்துக்குப் போகும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பெட்டி கடைசியில் செய்வது, வயரை வயரோடு சேர்ப்பதும் பிரிப்பதும்தான். எப்போது சேர்ப்பது என்பதில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. 21 டிகிரி வைத்திருக்கிறீர்கள், அறை அரை டிகிரி இறங்குகிறது என்று வையுங்கள். டபிள்யூ1 சேரும். அப்படியும் வெப்பம் இன்னும் ஒரு டிகிரி சரிந்தாலோ, நெடுநேரம் எரிந்தும் ஏறாமல் அடம்பிடித்தாலோ டபிள்யூ2வும் சேரும்.

எலக்ட்ரானிக்ஸ் வருவதற்கு முன்பே இந்த இரண்டு நிலை வித்தை இருந்தது. இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருட்டிய ஒரு சுருள். அதன்மேல் பாதரசம் அடைத்த இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், ஒன்றைவிட மற்றொன்று கொஞ்சம் சாய்வாக. அறை குளிரும்போது சுருள் திரும்பும். முதல் குமிழில் பாதரசம் உருண்டு தொடர்பை ஏற்படுத்தும். இன்னும் குளிர்ந்தால் இரண்டாவதிலும் உருளும். இந்தச் சாய்வு வித்தியாசத்துக்குள்தான் மொத்த மூளையும் இருந்தது.

இந்தச் சாதனத்தில் என் மனசைப் பறிகொடுத்த சங்கதி வேறு. ஹனிவெல் நிறுவனம் 1953ல் ஒரு வட்ட வடிவ தெர்மோஸ்டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் ஹென்றி டிரைஃபஸ். பழைய வீடுகளின் சுவர்களில் இன்றும் அது கண்ணில் படும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் சுருளும் குமிழும் தவிர, மயிரிழை போல ஒரு கம்பியும் அதன்மேல் நகரும் சிறு முள்ளும் தெரியும். முள்ளுக்கு அடியில் ஆம்பியர் அளவுகள் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். ஃபர்னஸ் எரியும் நேரமெல்லாம் கட்டுப்பாட்டு மின்சாரம் இந்தக் கம்பி வழியாகத்தான் போகிறது. கம்பி சூடாகி, பக்கத்திலிருக்கும் சுருளையும் சூடாக்குகிறது. அறை இன்னும் 21ஐத் தொட்டிருக்காது. சுருளோ, தொட்டாயிற்று என்று நம்பி ஃபர்னஸை அணைத்துவிடும். வெப்பத்தை அளக்க வைத்த கருவிக்குள்ளேயே, அதை ஏமாற்ற ஒரு குட்டி ஹீட்டர்!

ஏன் ஏமாற்ற வேண்டும்? ஊரில் கேஸ் அடுப்பில் பழகிவிட்டு இங்கே வந்து காயில் அடுப்பில் பால் காய்ச்சுகிறவர்களுக்குக் காரணம் உடனே புரியும். பால் மேலே வந்ததும் ஸ்விட்சைத் திருப்பினால் போதாது. காயிலில் மிச்சமிருக்கும் சூடு பாலை அடுப்பெல்லாம் பொங்க வைத்துவிடும். பொங்குவதற்கு முன்பே அணைக்க வேண்டும். ஃபர்னஸிலும் தீ அணைந்த பிறகு உள்ளே உலோகம் கொதித்துக்கொண்டிருக்கும். ஃபேன் இன்னும் ஓரிரு நிமிடம் அந்தச் சூட்டை வீட்டுக்குள் தள்ளும். முந்தி அணைக்காவிட்டால் அறை 21ஐத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும்.

இந்தப் பொய்க்கு ஒரு விலையும் உண்டு. கடுங்குளிர் நாட்களில் ஃபர்னஸ் ஏறக்குறைய இடைவிடாமல் எரியும். அப்போது கம்பியும் இடைவிடாமல் சுருளைச் சூடேற்றிக்கொண்டிருக்கும். அதனால் வீடு, கேட்ட அளவைவிட ஒன்றிரண்டு டிகிரி தாழ்ந்தே நிற்கும். 'என்ன வைத்தாலும் குளிருதே' என்று பழைய வீட்டுக்காரர்கள் சொன்னதில் பாதி இந்தக் கம்பியின் கைங்கரியம். முள்ளை ஃபர்னஸின் வால்வு இழுக்கும் மின்சாரத்துக்குச் சரியாக நகர்த்தி வைக்க வேண்டியது மெக்கானிக்கின் வேலை. எத்தனை பேர் மூடியைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்?

இப்போது கம்பி போய்க் கணக்கு வந்துவிட்டது. மணிக்கு எத்தனை முறை எரிந்து அணையலாம் என்று டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டில் ஓர் எண் இருக்கும். சாதாரண கேஸ் ஃபர்னஸுக்கு 5, 90 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ளதற்கு 3, மின்சார ஹீட்டருக்கு 9 என்பது பழக்கத்தில் உள்ள அளவு. அந்த எண்ணையும் யாரும் தொடுவதில்லை என்பது வேறு கதை.

'30ல் வைத்தால் சீக்கிரம் சூடாகும்' என்று வெளியிலிருந்து வந்ததும் தெர்மோஸ்டாட்டைத் திருகுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரே நிலை உள்ள மெஷினில் அதனால் ஒரு பயனும் இல்லை. 22க்கும் 30க்கும் அது ஒரே மாதிரிதான் எரியும். இரண்டு நிலை மெஷினில் பயன் இருக்கிறது, இரண்டாம் நிலை சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை. பலவற்றில் கடைசி நிலையாக மின்சாரக் கம்பி ஹீட்டர் காத்திருக்கிறது. மிதமான குளிரில் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு தரும். கம்பி ஒன்றுக்கு ஒன்றுதான் தரும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து இரவில் ஐந்து டிகிரி குறைத்துவிட்டுக் காலையில் ஒரேயடியாக ஏற்றினால், மிச்சத்தை அந்தக் கம்பி தின்றுவிடும்.

தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே ஷெல்ஃப் அடித்துச் சாமி படம் வைத்து விளக்கேற்றும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். சாமிக்கு வேறு சுவர் கொடுங்கள். விளக்குச் சூட்டை நம்பி தெர்மோஸ்டாட் ஃபர்னஸை அணைத்துவிட, பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் ஜாக்கெட்டோடு தூங்குகிறார்கள். டொரண்டோவில் வாடகை வீட்டைக் குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நகராட்சி விதி. ஹாலில் 21 காட்டுகிறதே என்று சொல்லித் தப்புவது நியாயமில்லை.

வாசகிக்கு ஒரு வேலை. மெக்கானிக் அடுத்த முறை வரும்போது டபிள்யூ2 முனையில் வயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஒற்றை நிலை தெர்மோஸ்டாட்டையே விட்டுவிட்டு, புது ஃபர்னஸை மட்டும் மாட்டிவிட்டுப் போவது இங்கே சர்வ சாதாரணம். அப்படியானால் உங்கள் ஃபர்னஸ் வீட்டின் குளிரைக் கேட்டு நிலை மாறாது. உள்ளே இருக்கும் டைமர் முடிந்ததும், தேவையோ இல்லையோ, முழு பலத்துக்குத் தாவும். இரண்டாம் நிலைக்குக் கொடுத்த காசில் பாதி அங்கேயே போயிற்று.

கையோடு ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள். தூசி அடைத்திருந்தால் முதல் நிலை எப்படியோ சமாளிக்கும். இரண்டாம் நிலையின் சூட்டைத் தள்ளக் காற்று போதாமல் பாதுகாப்பு ஸ்விட்ச் தீயை அணைத்துவிடும். அது நடப்பது பெரும்பாலும் மைனஸ் இருபது இரவில்தான். மற்ற நாட்களில் இரண்டாம் நிலைக்கு அதிகம் வேலை வராது.