ராமேசுவரம் கடலும் ஸ்வரண் சிங்கும்

சர்தார் ஸ்வரண் சிங் பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்தில் 1907இல் பிறந்தவர். 1952 மே மாதம் நேருவின் அமைச்சரவையில் சேர்ந்து, நேரு, லால் பகதூர் சாஸ்திரி, இந்திரா காந்தி ஆகிய மூன்று பிரதமர்களின் கீழ் 1975 நவம்பர் வரை அமைச்சராக இருந்தார். அவர் வகித்த துறைகளைச் சொன்னாலே சுதந்திர இந்தியா வளர்ந்த கதையில் பாதி வந்துவிடும்: வீட்டுவசதி, உருக்கு, சுரங்கம், எரிபொருள், ரயில்வே, உணவு, வேளாண்மை, தொழில், பாதுகாப்பு. வெளியுறவுத் துறை இரண்டு முறை, 1964 முதல் 1966 வரையும் 1970 முதல் 1974 வரையும், அவரிடம் இருந்தது. ராமநாதபுரம் கடற்கரையின் தலையெழுத்தை மாற்றிய இரண்டு உடன்பாடுகளும் இந்த இரண்டு காலங்களில்தான் கையெழுத்தாயின.

வெளியுறவுக்கு வரும் முன்பே அவர் பெயர் பெற்றது உருக்குத் துறையில். 1957இல் அத்துறை அவரிடம் வந்தபோது பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆலைகள் கட்டுமான நிலையில் இருந்தன. முதல் ஆலைக்குச் சோவியத் யூனியன், இரண்டாவதற்கு மேற்கு ஜெர்மனி, மூன்றாவதற்கு பிரிட்டன் கைகொடுத்தன. பனிப்போர்க் காலத்தில் எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகளிடம் ஒரே நேரத்தில் உதவி பெற்று வேலையை முடிப்பதற்கு உலைக்களத்து அறிவோடு பேச்சுத் திறமையும் வேண்டியிருந்தது. மூன்றிலும் 1959இல் இரும்பு உருகியது. அந்தப் பொறுமையைக் கண்ட நேரு, 1962 டிசம்பரில் பாகிஸ்தானுடன் காஷ்மீர் குறித்த பேச்சுவார்த்தைக்கு ரயில்வே அமைச்சராக இருந்த அவரையே அனுப்பினார். எதிரில் அமர்ந்தவர் சுல்பிகர் அலி பூட்டோ. ஆறு சுற்றுகள் பேசியும் முடிவு எட்டவில்லை. ஆனால் நிதானம் இழக்காமல் பேசுபவர் என்ற பெயர் ஸ்வரண் சிங்குக்கு நிலைத்தது. சோவியத் யூனியனுடனான 1971 நட்புறவு ஒப்பந்தத்தில் சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோவுடன் இந்தியத் தரப்பில் கையெழுத்திட்டவரும் அவரே.

பாக் நீரிணையைத் தொட்ட முதல் உடன்பாடு சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் செய்துகொண்டது. ஸ்வரண் சிங் வெளியுறவுத் துறைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் முடிவு 1974 ஜனவரியில் வந்தது. அப்போதும் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங்தான். நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு ஒரு நாடு கிடைத்தது. அது உடன்பாட்டின் நன்மை. எந்த நாடு என்பது இரண்டு தலைநகரங்களுக்கு இடையே எண்ணிக்கைப் பேரமாகத் தீர்மானிக்கப்பட்டது. அது அதன் குறை. இலங்கை மலையகத்திலேயே பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டிராதவர்களும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கினார்கள்.

உடன்பாடு கையெழுத்தான எட்டு வாரங்களுக்குள், டிசம்பர் 22 நள்ளிரவில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. இலங்கையின் தலைமன்னாருக்குப் போய்வந்த கப்பல் நின்ற துறையும் ரயில் நிலையமும் போயின. பாம்பன் பாலமும் உடைந்தது. அதன்பின் கப்பல் துறை ராமேசுவரத்துக்கு மாறியது. தாயகம் திரும்பியவர்கள் ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். தோட்ட வேலைக்கு ஆட்களைச் சோதித்து அனுப்புவதற்காக இலங்கை அரசு பிரிட்டிஷ் காலத்தில் நடத்திய முகாம் அது. பாட்டனார் எந்த வழியாகப் போனாரோ அதே வழியாகப் பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அங்கிருந்து நீலகிரிக்கும் பிற மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். எண்பதுகளில் இலங்கையில் போர் மூண்டதும் கப்பலும் நின்றது.

இரண்டாவது உடன்பாடு கச்சத்தீவைப் பற்றியது. ராமேசுவரத்துக்கு வடகிழக்கே 285 ஏக்கர் பரப்புள்ள தீவு அது. குடிதண்ணீர் கிடையாது, குடியிருப்பவர்களும் இல்லை. அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் அதன் திருவிழாவுக்கு இருகரை மீனவர்களும் போவது பழைய வழக்கம். ராமநாதபுரம் சேதுபதிகள் தீவைத் தம் ஜமீனுக்குள் வைத்திருந்தார்கள். 1880இல் சாயவேர் பறிக்கக் குத்தகைக்கு விட்ட தீவுகளில் கச்சத்தீவும் ஒன்று என்பது இந்தியத் தரப்பு காட்டும் சான்று. போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலம் முதல் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்தது என்பது இலங்கையின் வாதம். 1921இல் சென்னை, இலங்கைப் பிரதிநிதிகள் மீன்பிடி எல்லை குறித்துப் பேசி, தீவு இலங்கைப் பக்கம் விழும்படி கோடு போட்டார்கள். அது தீவின் உரிமையைப் பாதிக்காது என்று இந்தியத் தரப்பு அப்போதே குறித்துவைத்தது.

1974 ஜூன் 26 அன்று கொழும்பில் சிறிமாவோவும் 28 அன்று டெல்லியில் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டனர். தீவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி எல்லைக் கோடு விழுந்தது. ஜூலை 23 அன்று மக்களவையில் விளக்க வேண்டிய பொறுப்பு ஸ்வரண் சிங்குடையது. வரலாற்றுச் சான்றுகளையும் சட்டக் கோட்பாடுகளையும் ஆராய்ந்தே எல்லை வகுக்கப்பட்டது, இரு நாடுகளுக்கும் இது நியாயமானது, மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பல் போக்குவரத்து உரிமைகள் முழுமையாகக் காக்கப்பட்டுள்ளன என்றார். ராமநாதபுரம் தொகுதி உறுப்பினர் பி. கே. மூக்கையாத் தேவர் கடுமையாக எதிர்த்தார். இரா. செழியனும் வாஜ்பாயியும் எதிர்த்தார்கள். இந்திய நிலத்தை வேறு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960இல் சொல்லியிருந்தது. நிலம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, தகராறில் இருந்த எல்லையைத்தான் வரையறுத்தோம் என்பது இந்திய அரசின் பதிலாயிற்று.

அமைச்சர் சொன்ன உறுதி உடன்பாட்டின் 5, 6ஆம் பிரிவுகளை நம்பி நின்றது. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே விசா இல்லாமல் தீவுக்குப் போகலாம் என்கிறது 5ஆம் பிரிவு. இரு நாட்டுக் கலங்களும் ஒன்றின் கடலில் மற்றொன்று மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது 6ஆம் பிரிவு. தீவைச் சுற்றி மீன் பிடிக்கலாம் என்று எந்தப் பிரிவும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. வலை காயப்போடவும் இளைப்பாறவும் மட்டுமே அனுமதி என்று இலங்கை பொருள் கொண்டது. எல்லையைத் துல்லியமாக வகுத்தவர்கள், அந்தக் கடலை நம்பி உலை வைக்கும் குடும்பங்களின் உரிமையை இவ்வளவு தளர்வாக எழுதியது பெரும் பிழை.

1974 அக்டோபரில் ஸ்வரண் சிங் பாதுகாப்புத் துறைக்கு மாறினார். அடுத்த ஆண்டு அமைச்சரவையை விட்டே விலகினார். 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்த மற்றோர் உடன்பாடு வந்தது. அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் கேவல் சிங்கும் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள்: ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது. நாடாளுமன்றத்தில் அமைச்சர் கொடுத்த உறுதி இருபதே மாதத்தில் செயலாளர் மட்டத்துக் கடிதத்தால் இல்லாமற் போயிற்று. நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் ஜனவரி 31 அன்றே தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது, எதிர்ப்புச் சொல்லச் சட்டமன்றமும் இல்லை.

கரையிலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. வல்லமும் நாட்டுப்படகும் ஓடிய கடலில் விசைப்படகுகளும் இழுவை மடியும் பெருகின. இறால் ஏற்றுமதி லாபம் தந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் போவது கூடியது. போருக்குப் பின் கடலுக்குத் திரும்பிய வடஇலங்கைத் தமிழ் மீனவர்கள், இழுவை மடி தங்கள் கடலின் அடியைச் சுரண்டுகிறது என்று முறையிடுகிறார்கள். அந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. 2017இல் இலங்கை இழுவை மடி மீன்பிடிப்புக்குச் சட்டப்படி தடை போட்டது.

ஸ்வரண் சிங் 1992இல் பத்ம விபூஷண் பெற்றார். 1994 அக்டோபர் 30 அன்று காலமானார். உருக்காலைகளையும் சோவியத் ஒப்பந்தத்தையும் நினைக்கும்போது அவர் நாட்டுக்குச் செய்தது பெரிது. கச்சத்தீவு உடன்பாட்டால் அண்டை நாட்டின் நட்பு கிடைத்தது. அதற்கு விலை கொடுத்தது ராமேசுவரம் கரை. கச்சத்தீவை யார் கொடுத்தது என்ற கேள்வியோடு பேச்சை முடித்துவிடாமல், 1974 உடன்பாட்டின் 5, 6ஆம் பிரிவுகளையும் 1976 கடிதங்களையும் வாசகர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். இனி எழுதப்படும் எந்த உடன்பாட்டிலும் இருகரை மீனவர்களின் தொழில் உரிமை வெளிப்படையாக இடம்பெற வேண்டும் என்று கேட்பதற்கு அந்தப் படிப்பு உதவும்.