கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்: பெயர் மாற்றமும் பயன்பாட்டு உரையும்

முன்னுரை

ஒரு பொருள் தான் தோன்றிய மண்ணைக் கடந்து புதிய நுகர்வோரைச் சென்றடையும்போது, அதன் பெயரும் உடன் செல்லும் விளக்க உரையும் மாற வேண்டியுள்ளன. இட்லி மாவுக்கெனத் தோன்றிய வெட் கிரைண்டர், அமெரிக்காவின் சிறு சாக்லேட் உற்பத்தியாளர்களிடம் 'மெலாஞ்சர்' என வழங்குவது இதற்குத் தக்க சான்றாகும். இம்மாற்றம் பயன்பாட்டு உரையில் ஏற்படுத்தும் விளைவுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

கருவியும் பெயரும்

1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி வெட் கிரைண்டரை அறிமுகப்படுத்தினார். கையால் ஆட்டும்போது கல் நிற்கும், குழவி சுழலும். இயந்திரத்தில் கல் சுழல, குழவி தன் இடத்திலேயே உருள்கிறது. 2005-06இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்றது.

தமிழில் அம்மியில் 'அரைத்தல்', திரிகையில் 'திரித்தல்', ஆட்டுக்கல்லில் 'ஆட்டுதல்' எனக் கருவிக்கேற்ப வினை வேறுபடுகிறது. ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் 'கிரைண்ட்' என்னும் ஒரே வினை போதுமானதாகையால், உலர் அரவையிலிருந்து பிரித்துக் காட்ட 'வெட்' என்னும் அடைமொழி தேவைப்பட்டது. தமிழ் நுகர்வோர்க்கு அவ்வடைமொழி புதிதாக எதையும் உணர்த்துவதில்லை. ஊறவைத்த அரிசியும் நீரும் அவர்கள் முன்பே அறிந்தவை.

புதிய நுகர்வோர், புதிய உரை

சாக்லேட் செய்வோர்க்கு இவ்வடைமொழியே இடராகிறது. கொக்கோப் பருப்பில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. கல்லின் உராய்வாலும் வெப்பத்தாலும் அக்கொழுப்பு உருகிப் பருப்பு குழம்பாகிறது. அதில் சிறிதளவு நீர் கலந்தாலும் சர்க்கரைத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, குழம்பு கட்டியாக இறுகிவிடும். 'தேவையான நீர் சேர்க்கவும்' என்னும் பழைய குறிப்பு இட்லிக்கு இன்றியமையாதது. சாக்லேட்டுக்கோ கேடு விளைப்பது. கழுவிய கல்லை முற்றிலும் உலர்த்த வேண்டும் என்பதும் புதிய உரையில் முதன்மை எச்சரிக்கையாகிறது.

கால அளவும் அவ்வாறே. மாவு ஆட்ட ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆகும். சாக்லேட் துகள்கள் நாவிற்குத் தென்படாதவாறு ஏறத்தாழ 30 மைக்ரானுக்குக் கீழ் நுண்மையடைய, இயந்திரம் பல மணி நேரம், சில வேளை இரண்டு மூன்று நாள்கூட ஓட வேண்டும். வீட்டுப் பயன்பாட்டுக்கான மோட்டார் இதைத் தாங்காது சூடேறக்கூடும். எனவே தொடர்ந்து ஓடக்கூடிய நேரத்தை உரை எண்ணால் குறிப்பிட வேண்டும். 'நன்றாக அரையும் வரை' என்னும் தொடர், மாவின் பதத்தைக் கையால் உணர்ந்து பழகியவர்க்கே பொருள்படும்.

'மெலாஞ்சர்' என்பது கலத்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. சாக்லேட் தொழிலில் கல் உருளை இயந்திரத்திற்கு முன்பே வழங்கியது. இப்பெயர் நீரைப் பற்றிய தவறான குறிப்பை நீக்கி, பயனர் அறிந்த தொழிலுக்குள் கருவியை வைக்கிறது.

தமிழ் வினையின் பொருத்தம்

கொங்கு வட்டாரத்தில் மாவாட்டுவதோடு, செக்கில் கடலையையும் எள்ளையும் 'ஆட்டுவதும்' வழக்கு. பின்னதில் விதையின் சொந்த எண்ணெயே வெளிப்படுகிறது. ஆகவே 'ஆட்டுதல்' என்னும் வினை நீரோடும் கொழுப்போடும் ஒருசேரப் பொருந்துகிறது. கொக்கோவிற்கு 'வெட்' என்பதைவிட இதுவே நெருக்கமானது. தமிழில் கையேடு எழுதுவோர் 'கொக்கோ ஆட்டுதல்' என எழுதினால் புதுச் சொல் படைக்கத் தேவையில்லை.

பொதியப்பட்ட பொருள்களின் கட்டாய விவரங்களை இந்தி அல்லது ஆங்கிலத்தில் தரவேண்டும் என்பதே 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம். இதனால் தமிழ் உரை பெரும்பாலும் ஆங்கில உரையின் மொழிபெயர்ப்பாகவே அமைய நேர்கிறது. அவ்வாறு அமையும்போது, தமிழின் வினைப் பாகுபாடு இழக்கப்படுகிறது.

முடிவுரை

பெயர் மாற்றம் விற்பனை உத்தி மட்டுமன்று. பயனர் எதை முன்னரே அறிந்திருக்கிறார் என்னும் கணிப்பின் மாற்றமாகும். பழைய நுகர்வோர்க்குச் சொல்லாமல் விட்டவற்றைப் புதியவர்க்குச் சொல்லவும், பழைய அறிவுரைகளுள் தீங்காவனவற்றை நீக்கவும் வேண்டும். இவ்விரண்டும் நிகழாத பெயர் மாற்றம் பயனரையும் இயந்திரத்தையும் ஒருங்கே இடருக்குள்ளாக்கும்.